எனக்கு நேராக விழுந்த டிக்

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

நாங்கள் வீடு மாறிய வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அந்தப் பழைய வீட்டில் இருந்தவர்கள்: என் மகன். அவன் பெண்டாட்டி, அதாவது என் மருமகள். அவர்கள் பெண், காதில் ஒயரோடு பிறந்தவள் போலத் திரியும் என் பேத்தி. உதவிக்கு என்று வந்த என் மகள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளை. எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பார், ஒன்றும் ஆகாது. லாரி டிரைவர். சாமான் தூக்க வந்த இரண்டு பேர். ஒருவர் விசில் அடிப்பவர், இன்னொருவர் அதை நிறுத்தச் சொல்பவர். கீழே கடை வைத்திருக்கும் கடிகாரக்காரர். அப்புறம் நான். ஆக மொத்தம் பத்துப் பேர். இதை முதலிலேயே எழுதிவிட்டேன், நாளைக்கு ஒருத்தரும் "நான் அங்கே இல்லையே" என்று சொல்லக்கூடாது.

இனி நலம் விசாரிக்கிறேன். உன் முட்டி, உன் வீட்டுக்காரர் இருமல், படியில் வழுக்கி விழுந்த உன் சம்பந்தியம்மா, எல்லாம் தேவலையாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே போகிறேன். ஆகவில்லை என்றால் பதிலில் எழுது, இந்தக் கடிதத்தில் அதற்கு இடம் இல்லை.

முந்தாநாள் போனில் கேட்டாயே, "அக்கா, உன்னை மறந்துட்டு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாமே?" என்று. உன் குரலில் இருந்த வருத்தமும் காதில் விழுந்தது, அதற்கு அடியில் இருந்த குஷியும் விழுந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதி கேட்பாய், மீதியை நீயே சேர்த்துக்கொள்வாய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும். என் ஞாபகத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பச்சைக் குடையை நீ எடுத்துக்கொண்டு போய் முப்பத்தேழு வருஷம் ஆகிறது. அன்று செவ்வாய்க்கிழமை, சாயங்காலம், தூறல், மரக் கைப்பிடியில் நகம் நீளத்துக்கு ஒரு கீறல். உனக்கு அது ஞாபகம் இல்லை என்பாய். எனக்கு இருக்கிறது.

அந்த ஞாபகத்தை வைத்துத்தான் இந்த வீடு நடந்துகொண்டிருந்தது. குழாய் ரிப்பேர்காரர் எந்தத் தெருவில் இருக்கிறார், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, மகன் சட்டையில் எந்தப் பட்டன் தளர்ந்திருக்கிறது, பேத்திக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாவற்றுக்கும் "அம்மா!" என்று ஒரு குரல் வரும், நான் இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்வேன். அடுப்பில் கை இருந்தாலும் சொல்வேன், தலையில் சீயக்காய் இருந்தாலும் சொல்வேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருமகள் எல்லோருடைய போனிலும் ஒரு ஆப்பைப் போட்டாள். அவள் மருந்துக் கம்பெனிக் கிடங்கில் மேற்பார்வையாளர் என்பது உனக்குத் தெரியும். அங்கே தும்மலுக்குக்கூட லேபிள் ஒட்டுவார்கள். இந்த ஆப்பில் எதையும் எழுதி வைக்கலாம், பக்கம் பக்கமாகப் பிரிக்கலாம், கலர் போடலாம், ஒருத்தர் எழுதினால் எல்லோருக்கும் தெரியும். "இனிமே எல்லாத்துக்கும் அத்தையைத் தொந்தரவு பண்ண வேண்டாம், எல்லாம் இதுலயே இருக்கு" என்று சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆபீஸில் ஒருத்தர் ஓய்வு பெற்றால் ஒரு சுவர்க் கடிகாரமாவது கொடுக்கிறார்கள். எனக்குப் பேத்தியின் பழைய போனைக் கொடுத்து, அதிலும் அந்த ஆப்பைப் போட்டு, "சும்மா பார்த்துட்டு இருங்க அத்தை, பொழுது போகும்" என்றாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் என்னை உரக்கக் கூப்பிடவில்லை.

வீடு மாறுவது என்று முடிவானதும் ஆப்பில் "வீடு மாற்றம்" என்று தனியாக ஒன்று முளைத்தது. அதற்குள் பெட்டிகளுக்கு ஒரு பக்கம், ஒன்றிலிருந்து அறுபத்து நான்கு வரை. வேலைகளுக்கு ஒரு பக்கம். கடைசியில் "அம்மாவிடம் கேட்க" என்று ஒரு பக்கம், அது மட்டும் காலியாக இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு குட்டிக் கட்டம். தொட்டால் டிக் விழும், அந்த வரி மேல் ஒரு கோடு ஓடும், முடிந்தது என்று அர்த்தம். அதுதான் மருமகளின் அர்த்தம். அவள் கிடங்கில் டிக் என்றால் பெட்டி லாரியில் ஏறிவிட்டது, கதவு சாத்தியாகிவிட்டது. உலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். என் மகன் ஆபீஸில் மேஜைக்கு வந்த காகிதத்தைப் படித்துவிட்டேன் என்பதற்கு ஓரத்தில் டிக் அடிப்பார்கள்; செய்வது அடுத்த மேஜை. இருபத்தாறு வருஷமாக அவன் அடுத்த மேஜைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். என் மகள் பள்ளிக்கூட டீச்சர், அவளுக்கு டிக் என்றால் சரியான விடை. மாப்பிள்ளை சுற்றுலா பஸ் ஏற்பாடு செய்கிறவர், வேறு யாரிடமாவது சொல்லிவிட்டால் அவருக்கு டிக். பேத்திக்கு இந்தக் கவலையே இல்லை. ஆப் மேல் சிவப்பாக ஒரு எண் நின்றால் அவளுக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. அந்த எண் போகிறவரைக்கும் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போவாள். ஒரு தடவை பல் தேய்த்துக்கொண்டே இருபத்து மூன்று வேலைகளை முடித்தாள்.

அன்று காலை நடந்ததைக் கேள். "ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்துத் துடைப்பது" என்பதற்கு டிக் இருந்தது. தூக்குகிறவர்கள் சாய்த்தார்கள், உள்ளே இருந்த ஐஸ் தண்ணீர் மொத்தமும் விசில்காரர் சட்டைக்குள் போயிற்று. அவர் விசில் நின்றது, அந்த ஒரு நன்மை. "யாரு டிக் போட்டது?" என்று மருமகள் கேட்டாள். "நான்தான், படிச்சேனே" என்றான் என் மகன். "படிச்சீங்க சரி, அணைச்சீங்களா?" "அதை நீ தனியா எழுதலையே." அடுத்தது "திரைச்சீலைகளைக் கழற்றுவது". டிக் இருந்தது, திரைச்சீலையும் இருந்தது, இன்றைக்கும் அந்த வீட்டு ஜன்னலில் ஆடிக்கொண்டிருக்கிறது. "நல்ல யோசனைதானே அண்ணி, அதான் டிக் போட்டேன்" என்றாள் என் மகள். அப்புறம் "புது வீட்டு வாசலில் சோபா நுழையுமா என்று அளப்பது". மாப்பிள்ளை டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். டிரைவர் "பாத்துக்கலாம் சார்" என்றிருக்கிறார். பார்த்துக்கொண்டார்கள். அந்த சோபா இப்போது மாடிப்படித் திருப்பத்தில் நிற்கிறது, எதிர்வீட்டுக்காரர்கள் அதில் உட்கார்ந்து செருப்பு மாட்டுகிறார்கள், ரொம்ப வசதி என்று நன்றியும் சொன்னார்கள்.

இப்போது என் விஷயம். வேலைகள் பக்கத்தில் நாற்பத்தொன்றாவது வாஷிங் மெஷின். நாற்பத்து மூன்றாவது ஏணி. நடுவில் நாற்பத்திரண்டாவது, "அத்தையை வண்டியில் ஏற்றுவது". ஏணிக்குப் பக்கத்தில் "பத்திரம்" என்று சிவப்பில் எழுதியிருந்தாள். எனக்கு எழுதவில்லை.

அன்று பின்பக்கத்து பால்கனியில் துணி கிளிப்புகள் அப்படியே கொடியில் இருந்தன. அறுபத்து நான்கு பெட்டியிலும் கிளிப்புக்கு இடம் ஒதுக்கவில்லை. நான் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணிக்கொண்டிருந்தேன், முப்பத்தொன்று. அந்த நேரத்தில் முன்பக்கத்தில் லாரி கிளம்பிற்று. பிறகு இரண்டு கார். மகன் காரில் இருந்தவர்கள் நான் மாப்பிள்ளை காரில் இருப்பதாக நினைத்தார்கள், மாப்பிள்ளை காரில் இருந்தவர்கள் நான் மகன் காரில் இருப்பதாக நினைத்தார்கள். சந்தேகம் வந்து மருமகள் ஆப்பைப் பார்த்திருக்கிறாள். நாற்பத்திரண்டுக்கு நேராக டிக். என் மேல் கோடு. ஏறியாயிற்று. மகன் கதவைப் பூட்டிச் சாவியைக் கீழே கடிகாரக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் காரில் ஏறியிருந்தான், வீட்டுக்காரர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. பூட்டு மாட்டுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. மணி பத்து ஐந்து. ஏன் கூப்பிடவில்லை என்று நீ கேட்பாய். நாற்பது வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், உரக்கக் கத்தித்தான் நான் இருக்கிறேன் என்று தெரிய வேண்டுமா?

மடக்கு நாற்காலி ஒன்றை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அதற்கும் டிக் போட்டிருப்பார்கள். கூடத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. நான் முகம் கழுவிய குழாய் சத்தம் கேட்டு, மூடாமல் விட்டுவிட்டார்களோ என்று பார்க்கக் கடிகாரக்காரர் மேலே வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"பெரியம்மா! நீங்க போகலையா?"

"டிக் போயிடுச்சு. ஆள் போகலை."

"அய்யோ, போன் பண்ணுங்க உடனே."

"பேட்டரி இல்லை" என்றேன். அந்த நேரம் பார்த்துப் போன் என் மடியில் டிங் என்றது. மனுஷர் நாகரிகமானவர். காதில் விழாத மாதிரி கீழே போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த டிங் என்னவென்று பார்த்தேன். காலியாகக் கிடந்த பக்கம், "அம்மாவிடம் கேட்க", அதில் ஒரு வரி வந்திருந்தது. மகன் எழுதியிருந்தான்: கட்டில் போல்ட்டு பதினேழாம் பெட்டியில் இல்லை, எங்கே? எனக்குத் தெரியும். பதினேழின் அடிப்பக்கம் நைந்திருந்தது, போல்ட்டையெல்லாம் எடுத்துக் குக்கரில் போட்டு மூடி வைத்தவள் நான்தான். ஆப்பில் பதினேழு, உலகத்தில் குக்கர். டீயை ஒரு வாய் குடித்தேன். டிங். ஸ்பேனர் எங்கே? மிளகாய்ப் பொடி டப்பா போல இருக்குமே ஒரு சிவப்பு டப்பா, அதில். டிங். நீலச் சாவி எதற்கு? எதற்கும் இல்லை, பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாற்றிய பூட்டுக்கு. டிங். பேத்தி: பாட்டி, என் கண்ணாடி? அவள் தலையில்தான் இருக்கும், எப்போதும் அங்கேதான் இருக்கும். டிங், டிங். ஒவ்வொன்றுக்கும் பதில் நாக்கு நுனியில் நிற்கிறது, கட்டைவிரல் அரிக்கிறது, இருந்தும் ஒரு எழுத்து தட்டவில்லை. இரண்டு வருஷமாக ஒருவரும் கேட்காததை எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் கேட்டார்கள். தங்கச்சி, உன்னிடம் சொல்வதற்கு என்ன, அந்தக் காலி வீட்டில் அவ்வளவு நிம்மதியாக நான் டீ குடித்து ரொம்ப நாள் ஆகிறது.

ஒன்பதாவதாக மகன் எழுதினான்: அம்மா ஏன் பதிலே போடலை? உடனே கீழே மகள்: அம்மா உங்க கார்லதானே வந்தாங்க? அதற்கு மாப்பிள்ளை டிக் போட்டார். ஆகட்டும். ஐந்து நிமிஷம் போயிற்று. பிறகு பதினொன்றாவது வரி, மருமகள் எழுதியது: அத்தை எங்கே? அதற்கு மட்டும் யாரும் டிக் போடவில்லை.

மணி பன்னிரண்டு ஐம்பதுக்கு அவளே வந்தாள், தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு. மாடிப்படியில் ஓடி வந்த சத்தம் கேட்டது. வாசலில் நின்றாள். வலது காலில் அவள் செருப்பு, இடது காலில் என் மகன் செருப்பு. மூச்சு வாங்கிற்று. திட்டுவாள் என்று பார்த்தேன், இல்லை. மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன், அதுவும் இல்லை.

"ஏதாவது சாப்பிட்டீங்களா அத்தை?"

"டீ குடிச்சேன்."

நாற்காலியை மடக்கி ஒரு கையில் எடுத்துக்கொண்டாள், இன்னொரு கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். காரில் இருபது நிமிஷ வழி. ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டாள்:

"கட்டில் போல்ட்டு எங்க அத்தை?"

"குக்கர்ல."

"ம்."

புது வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்து விசாரணை நடத்தினேன், விடுவேனா? நாற்பத்திரண்டுக்கு டிக் போட்டது யார்? மகன் "படிச்சேன், ஆனா இதுக்குப் போடலைம்மா" என்றான். மகள் "உன்னை ஏத்துறது சரிதான், ஆனா நான் போடலை" என்றாள். மாப்பிள்ளை "சொல்லியிருந்தா போட்டிருப்பேன்" என்றார். பேத்தி ஒரு காதை மட்டும் திறந்து "நான் நாப்பது வரைக்கும்தான் தட்டினேன் பாட்டி, அப்புறம் பஸ் வந்துடுச்சு" என்று ஏதோ உளறினாள், அன்று அவள் எந்த பஸ்ஸிலும் போகவில்லை. மருமகள் மட்டும் போனில் ஒரே இடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். "நான்தான் போட்டிருக்கேன். வாஷிங் மெஷினுக்குப் போடப் போய் கை தவறிடுச்சு" என்றாள். என் மகன் அவளை நன்றாகக் கேட்டான். "எல்லாத்துக்கும் லேபிள் ஒட்டறே, எங்கம்மாவை விட்டுட்டு வந்துட்டியே" என்றான். என் மகளும் தன் பங்குக்குக் கேட்டாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டு குக்கரைத் திறந்து போல்ட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். பார்த்தாயா, அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டாள். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

ஆகவே தங்கச்சி, என்னோடு வந்து இருந்துவிடு அக்கா என்று வருஷா வருஷம் நீ கூப்பிடுகிறாயே, வருகிறேன். வாஷிங் மெஷினுக்கும் ஏணிக்கும் நடுவில் இருக்க என்னால் முடியாது. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் புறப்படுகிறேன். ஜன்னல் பக்கத்து அறையை ஒழித்து வை. குடையைப் பற்றிக் கேட்க மாட்டேன், அதுவாகக் கண்ணில் பட்டால் நான் பொறுப்பில்லை. இவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் போகிறேன், ஆப் சொல்லட்டும்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு, இருமலுக்கு இதமான வெந்நீர். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், கேட்டதற்கு வாய் திறந்து பதில் சொல்கிறவர்களாக நீடூழி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு நான்கு நாளாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்து, இன்று மறுபடி பிரித்து எழுதுகிறேன். பஸ் நிலையத்துக்கு ஆள் அனுப்பாதே. நான் வரவில்லை. நேற்றுப் பேத்தி பொழுது போகாமல் ஆப்பில் ஒரு வித்தை காட்டினாள். ஒரு டிக் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால், அதைப் போட்டது யார், எத்தனை மணிக்கு என்று அதுவே சொல்லுமாம். அவள் எழுந்து போனதும் நாற்பத்திரண்டைப் பிடித்துப் பார்த்தேன். "பாட்டி. வியாழன். 9.12." அது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. அந்தப் பக்கத்தில் ஏணிக்கு மேலே என்னை எழுதியிருந்ததைப் பார்த்ததும் டிக்கை நான்தான் போட்டேன், ஏறினாளா என்று ஒருத்தராவது திரும்பிப் பார்க்கிறார்களா பார்ப்போம் என்று. கிளிப்பெல்லாம் முந்தின நாளே டப்பாவில் போட்டாயிற்று. ஆனால் மருமகளுக்கும் தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது. விசாரணை அன்றே கட்டைவிரலை அழுத்திப் பார்த்துவிட்டாள். புருஷனிடம் திட்டு வாங்கினாள், நாத்தனாரிடம் வாங்கினாள், இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது மட்டுமா, தினம் காலையில் "அம்மாவிடம் கேட்க" பக்கத்தில் ஒரு கேள்வி போடுகிறாள். பாதிக்கு அவளுக்கே பதில் தெரியும், எனக்குத் தெரியாதா? அவளே கேட்கும்போது நான் பதில் சொல்லாமல் பஸ் ஏறினால் இந்த வீட்டில் நாளைக்கு அடுப்பு எரியுமா? இன்றைய கேள்வி இது: பழைய வீட்டுப் பரண் பெட்டியில் ஒரு பச்சைக் குடை இருந்தது, மரக் கைப்பிடியில் கீறல், யாருடையது அத்தை? இன்னும் பதில் போடவில்லை. நீ எடுக்கவில்லை என்று ஆகிறது, ஆனால் எடுக்கக்கூடிய இடத்தில்தான் இருந்தாய். மன்னிக்க முடியாதவர்கள் என்று நான் மனதில் வைத்திருந்த பட்டியலில் ஏழு பேர். உன் பெயருக்கு இன்று டிக் போட்டேன். மகன், மகள், மாப்பிள்ளை, பேத்தி, விசில்காரர், ஐந்து பேருக்கும் போட்டாயிற்று. செய்யாத குற்றத்தைத் தலையில் வாங்கிக்கொண்டு, இனிமேல் என்னால் அவளை ஒரு சொல் சொல்ல முடியாமல் செய்துவிட்டாளே, அந்த ஒருத்தியை மட்டும் நான் இருக்கிறவரைக்கும் மன்னிக்கப் போவதில்லை: என் மருமகள்.